ஊர் எல்லை தாண்டினால் குற்றமா? அமெரிக்கத் துப்பாக்கி, மேகசின் சட்டங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமை அமெரிக்க அரசியல் சாசனத்திலேயே இருக்கிறதே, பிறகு ஊருக்கு ஊர் சட்டம் மாறுவது எப்படி?

இருக்கிறது. 1791இல் ஏற்கப்பட்ட இரண்டாவது திருத்தம் அதைச் சொல்கிறது. ஆனால் அது தனிமனிதரின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் திட்டவட்டமாக அறிவித்தது 2008இல்தான். வாஷிங்டன் டி.சி. நகரம் கைத்துப்பாக்கிகளுக்கு விதித்திருந்த தடையை எதிர்த்த ஹெல்லர் வழக்கின் தீர்ப்பு அது. மாநிலங்களும் நகரங்களும் அந்த உரிமைக்குக் கட்டுப்பட்டவை என்பது 2010இல், சிகாகோவுக்கு எதிரான மெக்டொனால்ட் வழக்கில் உறுதியானது. அதற்கு முந்தைய இரண்டு நூற்றாண்டுகளில் மாநிலங்களும் பல நகரங்களும் தத்தம் போக்கில் சட்டம் எழுதிக் குவித்திருந்தன. ஹெல்லர் தீர்ப்பே 'இந்த உரிமை வரம்பற்றதல்ல' என்றும் சொன்னதால், குவிந்தவற்றில் பெரும்பகுதி அப்படியே நின்றது.

இந்தியாவில் ஆயுதம் மத்தியப் பட்டியலில் இருக்கிறது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் கன்னியாகுமரிக்கும் கொல்கத்தாவுக்கும் ஒன்றுதான். அந்தப் பழக்கத்தில் அமெரிக்காவைப் பார்ப்பவர்களுக்கு முதலில் தலை சுற்றத்தான் செய்யும்.

கூட்டாட்சி அரசு எதைத்தான் கட்டுப்படுத்துகிறது?

அடித்தளத்தை மட்டும். இயந்திரத் துப்பாக்கிகளுக்கு வரியும் பதிவும் (1934), யாரெல்லாம் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்ற பட்டியலும் வணிகர்களுக்கான உரிமமும் (1968), கடையில் வாங்குபவரின் பின்னணிச் சோதனை (1993ஆம் ஆண்டின் பிரேடி சட்டம்) ஆகியவை முக்கியமானவை. 1994 முதல் 2004 வரை பத்துத் தோட்டாக்களுக்கு மேல் கொள்ளும் புதிய மேகசின்களுக்கு (துப்பாக்கியில் செருகும் தோட்டாப் பெட்டிகளுக்கு) நாடு முழுவதும் தடை இருந்தது. பத்தாண்டுதான் ஆயுள் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். 2004 செப்டம்பரில் அது காலாவதியானது. காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், அதைப் புதுப்பிக்கவில்லை. இன்று கூட்டாட்சிச் சட்டத்தில் மேகசினுக்கு எந்த எண்ணிக்கை வரம்பும் கிடையாது.

மேகசினுக்கு ஏன் தனிச் சட்டம்? அது ஒரு தகரப் பெட்டிதானே?

பெட்டிதான். உள்ளே ஒரு சுருள்வில், அதன்மேல் அடுக்கிய தோட்டாக்கள். ஒன்று வெடித்ததும் அடுத்தது மேலே வரும். காலியானால் கழற்றிவிட்டு வேறொன்றைச் செருக வேண்டும். சட்டத்தின் கண் அந்தச் சில விநாடிகளின் மேல்தான் இருக்கிறது. 2011இல் அரிசோனாவின் டூசானில் நாடாளுமன்ற உறுப்பினர் கேப்ரியல் கிஃபோர்ட்ஸ் சுடப்பட்டபோது, சுட்டவனிடம் 33 தோட்டா மேகசின் இருந்தது. அதை மாற்ற முயன்ற இடைவெளியில்தான் அங்கிருந்தவர்கள் அவனைப் பிடித்து அமுக்கினார்கள். வரம்பை ஆதரிப்பவர்கள் இன்றுவரை காட்டும் எடுத்துக்காட்டு இது.

எதிர்ப்பவர்களின் வாதத்தையும் எளிதாகத் தள்ளிவிட முடியாது. கிளாக் 19 கைத்துப்பாக்கி தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 15 தோட்டா மேகசினுடன் வருகிறது. கிளாக் 17க்கு 17. ஏஆர்-15 ரகத் துப்பாக்கிகளுக்கு 30 என்பதுதான் சாதாரண அளவு. பெட்டியைப் பிரித்தபடியே வைத்திருக்கும் பொருளை 'அதிகக் கொள்ளளவு' என்று பெயரிட்டுக் குற்றமாக்குவதா என்று கேட்கிறார்கள்.

எந்த மாநிலத்தில் எத்தனை தோட்டா?

டெக்சஸ், ஃபுளோரிடா, ஜார்ஜியா உள்ளிட்ட பெரும்பாலான மாநிலங்களில் வரம்பே இல்லை. கலிஃபோர்னியா, நியூயார்க், கனெக்டிகட், மசாசூசெட்ஸ், ரோட் ஐலண்ட் ஆகியவற்றில் 10. நியூ ஜெர்சியில் 1990 முதல் 15ஆக இருந்தது, 2018இல் 10ஆகக் குறைந்தது. கொலராடோவில் 15. டெலவேரில் 17. வெர்மான்டிலும் இல்லினாயிலும் நீளத் துப்பாக்கிக்கு (ரைஃபிள், ஷாட்கன்) 10, கைத்துப்பாக்கிக்கு 15. ஹவாயில் கைத்துப்பாக்கி மேகசினுக்கு மட்டுமே 10.

பத்து, பதினைந்து, பதினேழு என்று மாறும் இந்த எண்களில் அறிவியலைத் தேடாதீர்கள். ஒவ்வொன்றும் அந்தந்தச் சட்டமன்றத்தில் பேரம் படிந்த இடம்.

வரம்பு என்றால் விற்கக் கூடாதா, வைத்திருக்கவே கூடாதா?

எண்ணிக்கையைவிட இதுதான் முக்கியமான கேள்வி, பலர் கேட்காமல் விடுவதும் இதையே. மேரிலாந்திலும் வாஷிங்டன் மாநிலத்திலும் விற்பனைக்குத்தான் தடை. ஏற்கெனவே வைத்திருப்பவரைச் சட்டம் தொடுவதில்லை. கொலராடோவில் 2013 ஜூலை 1க்கு முன்பிருந்தே தொடர்ந்து உங்களிடம் இருக்கும் மேகசின் செல்லும். நியூ ஜெர்சியிலோ 2018ஆம் ஆண்டுச் சட்டம் மக்களுக்கு 180 நாள் அவகாசம் தந்தது. ஒப்படையுங்கள், விற்றுவிடுங்கள், அல்லது பத்துக்கு மேல் ஏற்ற முடியாதபடி அடைத்துவிடுங்கள் என்றது.

நடைமுறையில் ஒரு சிக்கல். துப்பாக்கியில் வரிசை எண் இருக்கும், மேகசினில் பெரும்பாலும் இருக்காது. 2013க்கு முன் வாங்கியதா, பக்கத்து மாநிலமான வயோமிங்கில் போன மாதம் வாங்கி வந்ததா? உரிமையாளர் 'பழையது' என்று சொன்னால், இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்பைச் சேர்ந்தது என்று கொலராடோ சட்டமே சொல்கிறது. அந்த ஒரு வரி சட்டத்தின் பல்லை எவ்வளவு பிடுங்கியது என்பதை எந்தக் காவலரிடம் கேட்டாலும் சொல்வார்.

கலிஃபோர்னியாவின் கதை இன்னும் வேடிக்கை. 2000 முதல் விற்பனைத் தடை இருந்தது. 2016இல் வாக்காளர்கள் ஏற்ற 63ஆம் முன்மொழிவு, வைத்திருப்பதையும் தடை செய்தது. 2019 மார்ச் இறுதியில் நீதிபதி ரோஜர் பெனிடெஸ் அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தார். ஏறக்குறைய ஒரு வாரம் கழித்துத் தன் தீர்ப்பையே நிறுத்திவைத்தார். இடைப்பட்ட நாள்களில் நாடெங்கும் உள்ள கடைகளிலிருந்து மேகசின்கள் கலிஃபோர்னியாவுக்கு வந்து குவிந்தன. துப்பாக்கி ஆர்வலர்கள் அதை 'விடுதலை வாரம்' என்றே அழைக்கிறார்கள். மேல்முறையீடு நீண்டு, 2025 மார்ச்சில் ஒன்பதாம் வட்டாரக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் விரிந்த அமர்வு தடை செல்லும் என்றது.

மாநிலச் சட்டம் போதாது என்று நினைக்கும் நகரம் தானாகவே கடுமையான விதி போடலாமா?

பெரும்பாலும் முடியாது. நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் 'துப்பாக்கி விஷயத்தில் சட்டம் போடும் அதிகாரம் எங்களுக்கு மட்டும்தான்' என்று ஏதோ ஒரு வடிவில் மாநிலம் எழுதி வைத்திருக்கிறது. மாநில முன்னுரிமைச் சட்டம் என்று இதைச் சொல்லலாம். சிலவற்றில் இது முழுத் தடை, சிலவற்றில் ஓட்டைகள் உண்டு.

ஃபுளோரிடா ஒரு படி மேலே போயிற்று. முன்னுரிமைச் சட்டம் 1987 முதலே இருந்தும் சில நகரங்கள் பழைய விதிகளை நீக்காமல் வைத்திருந்தன. 2011இல் சட்டமன்றம் தண்டனையைச் சேர்த்தது. மீறி விதி போடும் மேயருக்கோ மன்ற உறுப்பினருக்கோ 5,000 டாலர் வரை அபராதம், அதையும் சொந்தப் பணத்தில் கட்ட வேண்டும். ஆளுநர் பதவி நீக்கமும் செய்யலாம். நகரங்கள் தொடுத்த வழக்கில் 2023இல் மாநில உச்ச நீதிமன்றம் சட்டமன்றத்தின் பக்கமே நின்றது. வாக்களித்ததற்காக, மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிக்கு அபராதம் என்பது என் கண்ணுக்குத் துப்பாக்கியைவிட ஆபத்தான முன்மாதிரியாகத் தெரிகிறது.

போல்டர் நகரைப் பற்றி அடிக்கடி பேசுகிறார்களே, அங்கே என்ன நடந்தது?

கொலராடோவின் பல்கலைக்கழக நகரம் போல்டர். 2018இல் நகர மன்றம் தாக்குதல் ரகத் துப்பாக்கிகளையும் (ஏஆர்-15 போன்றவை) பத்துக்கு மேல் கொள்ளும் மேகசின்களையும் தடை செய்தது. மாநில வரம்பு 15. ஆகவே கிளாக் 19உடன் வரும் சாதாரண மேகசின் டென்வரில் சட்டப்படி சரி, அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய போல்டரில் குற்றம். 2003ஆம் ஆண்டின் மாநில முன்னுரிமைச் சட்டத்தைக் காட்டி வழக்குப் போட்டார்கள். 2021 மார்ச் 12 அன்று நீதிபதி நகர விதி செல்லாது என்றார். பத்து நாள் கழித்து, மார்ச் 22 அன்று, போல்டரின் கிங் சூப்பர்ஸ் பல்பொருள் அங்காடியில் ஒருவன் பத்துப் பேரைச் சுட்டுக் கொன்றான்.

தீர்ப்பு வராமலிருந்தால் அந்தப் பத்துப் பேரும் பிழைத்திருப்பார்கள் என்று அன்றே எழுதியவர்கள் உண்டு. தேதிகள் அப்படி எண்ணத் தூண்டுகின்றன, விவரங்கள் இடம் கொடுப்பதில்லை. அவன் வசித்ததும் ஆயுதத்தை வாங்கியதும் ஆர்வாடா என்ற வேறு நகரில். வாங்கிய நாளும் தீர்ப்புக்குப் பிந்தையதுதான், ஆனால் போல்டர் விதி ஆர்வாடாவை எந்த நாளிலும் கட்டுப்படுத்தவில்லை. மாநிலத்தின் 15 தோட்டா வரம்போ எப்போதும் நடைமுறையில் இருந்தது. வரம்பை மீறிய மேகசின்களை வைத்திருந்த குற்றத்துக்கும் சேர்த்துத்தான் 2024இல் அவனுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது.

ஆனால் அரசியல் விவரத்துக்காகக் காத்திருப்பதில்லை. 2021 ஜூனில் கொலராடோ தன் முன்னுரிமைச் சட்டத்தைத் தானே தளர்த்தி, நகரங்களும் கவுண்டிகளும் (நம்மூர் மாவட்டம் போன்றவை) மாநிலத்தைவிடக் கடுமையாகப் போகலாம் என்றது. 2022இல் போல்டரும் அதன் அண்டை ஊர்களும் புதிய விதிகளை இயற்றின. அவற்றின் மேலும் வழக்கு வந்தது, இம்முறை கூட்டாட்சி நீதிமன்றத்தில், இரண்டாவது திருத்தத்தின் பெயரால்.

இல்லினாயில் 'பத்து நாள் ஜன்னல்' என்கிறார்களே?

அமெரிக்காவில் கடைசியாக மறைத்து ஆயுதம் எடுத்துச் செல்ல அனுமதித்த மாநிலம் இல்லினாய். 2013 ஜூலையில் வந்த அந்தச் சட்டத்தில் ஒரு சமரசம் ஒளிந்திருந்தது. தாக்குதல் ரகத் துப்பாக்கிகளைத் தடை செய்ய விரும்பும் நகரங்கள் சட்டம் நடைமுறைக்கு வந்த பத்து நாளுக்குள் செய்துகொள்ளலாம், அதற்குப் பிறகு எப்போதும் முடியாது. சிகாகோவின் வடக்குப் புறநகரான ஹைலண்ட் பார்க் நேரத்தோடு தடை இயற்றியது, மேகசினுக்கும் பத்து என்ற வரம்பு உட்பட. பக்கத்து ஊரான டீர்ஃபீல்ட் தந்திரமாக நடந்துகொண்டது. பத்து நாளுக்குள், இத்தகைய துப்பாக்கிகளை எப்படிப் பூட்டி வைப்பது, எடுத்துச் செல்வது என்று மட்டும் ஒரு விதி போட்டுவிட்டு, 2018இல் அதைத் 'திருத்தி' முழுத் தடையாக்கியது. துண்டுபோட்டு இடம் பிடித்து வைத்ததுபோல! வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், அங்கே நீதிபதிகள் சரிபாதியாகப் பிரிந்ததால், டீர்ஃபீல்டுக்குச் சாதகமான கீழ் நீதிமன்றத் தீர்ப்பே நிலைத்தது.

2022 ஜூலை 4 அன்று, அதே ஹைலண்ட் பார்க்கில், சுதந்திர தின ஊர்வலத்தின்மேல் மாடியிலிருந்து ஒருவன் 83 முறை சுட்டான். ஏழு பேர் இறந்தார்கள். துப்பாக்கி இல்லினாயிலேயே சட்டப்படி வாங்கப்பட்டது. ஊர் எல்லையில் சோதனைச் சாவடி இல்லாத நாட்டில் ஓர் ஊரின் தடை எவ்வளவு தூரம் செல்லும் என்ற கேள்வி இங்கேயும் வந்து நிற்கிறது. ஆறு மாதத்தில், 2023 ஜனவரியில், மாநிலம் முழுவதற்குமான தடை வந்தது.

எதிர்த்திசையில் போன ஊர்கள் உண்டா?

உண்டு. 1981இல் இல்லினாயின் மார்ட்டன் குரோவ் கைத்துப்பாக்கியைத் தடை செய்தது. அதற்குப் பதிலடியாக ஜார்ஜியாவின் கென்னசா நகரம் 1982இல் ஒவ்வொரு குடும்பத் தலைவரும் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருந்தே ஆக வேண்டும் என்று விதி போட்டது. உடல்நலக் குறைவு, மனசாட்சி, மத நம்பிக்கை, பழைய குற்றத் தண்டனை என்று ஏகப்பட்ட விலக்குகள், அதனால் யாரையும் தண்டிக்கும் பேச்சே எழவில்லை. மார்ட்டன் குரோவ் 2008இல் தன் தடையை நீக்கிக்கொண்டது. கென்னசா விதி இன்னும் ஏட்டில் இருக்கிறது.

கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் இருக்கிறேன். எங்கள் ஊருக்கென்று தனி விதி உண்டா?

தமிழர்கள் நிறைந்த அந்த ஊர் இந்த விஷயத்தில் மாநிலத்துக்கே முன்னோடி. 2013 நவம்பரில் சன்னிவேல் வாக்காளர்கள் 'மெஷர் சி' என்ற நகர முன்மொழிவை ஏற்றார்கள். பத்துக்கு மேல் கொள்ளும் மேகசின் வைத்திருப்பவர்கள் 90 நாளில் அதை அப்புறப்படுத்த வேண்டும், துப்பாக்கி திருடு போனால் 48 மணி நேரத்துக்குள் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும், வீட்டில் பூட்டி வைக்க வேண்டும், தோட்டா விற்பவர் வாங்கியவர் விவரத்தை இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும். 2015இல் ஒன்பதாம் வட்டார நீதிமன்றம் மேகசின் விதிக்குத் தடை விதிக்க மறுத்தது, மறு ஆண்டே மாநிலம் அதே வழியில் வந்தது. பக்கத்தில் உள்ள சான் ஹோசே நகரம் 2023 முதல் துப்பாக்கி உரிமையாளர்கள் பொறுப்புக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும் என்கிறது. நாட்டிலேயே முதல் முறை.

நியூயார்க் மாநில உரிமம் இருந்தால் நியூயார்க் நகரத்துக்குள் போதாதா?

போதாது. பஃபலோவிலோ ஆல்பனியிலோ வாங்கிய கைத்துப்பாக்கி உரிமம், நகரக் காவல்துறையின் தனி அனுமதி இல்லாமல் நகரின் ஐந்து பரோக்களுக்குள் (பெரும் பிரிவுகளுக்குள்) செல்லாது. நீளத் துப்பாக்கிக்கும் நகரம் தனி அனுமதி கேட்கிறது. அதன் மேகசினில் ஐந்து தோட்டாவுக்கு மேல் கூடாது. மாநில வரம்பில் பாதி.

நகரத்தின் பிடிவாதத்துக்கு ஒரு சான்று. வீட்டில் மட்டும் வைத்திருக்க உரிமம் பெற்றவர் தன் கைத்துப்பாக்கியைப் பூட்டி, தோட்டாவை நீக்கி, நகருக்குள் இருந்த ஏழு பயிற்சிக் களங்களுக்கு மட்டும் கொண்டு போகலாம். நகருக்கு வெளியே உள்ள இரண்டாவது வீட்டுக்குக்கூடக் கொண்டு போகக் கூடாது என்று விதி இருந்தது. உச்ச நீதிமன்றம் வழக்கைக் கையில் எடுத்ததும் நகரம் 2019இல் அவசர அவசரமாக விதியை மாற்றிக்கொண்டது. வழக்கு 2020இல் பயனற்றதாகித் தள்ளுபடியானது. தப்பித்தோம் என்று நினைத்திருப்பார்கள். இரண்டே ஆண்டில் அதே உச்ச நீதிமன்றத்தில் புரூவன் வழக்கு வந்து, ஆயுதம் சுமக்க 'தக்க காரணம்' காட்ட வேண்டும் என்ற மாநிலத்தின் நூற்றாண்டுப் பழமையான விதியையே அடித்துச் சென்றது.

ஷெரிஃப் 'நான் இந்தச் சட்டத்தை அமல்படுத்த மாட்டேன்' என்றால்?

சொல்லத்தான் செய்கிறார்கள். கவுண்டியின் காவல் தலைவரான ஷெரிஃப் மக்கள் வாக்கில் வருபவர். கொலராடோவின் 2013 சட்டத்தை எதிர்த்து ஐம்பதுக்கும் மேற்பட்ட ஷெரிஃப்கள் வழக்கே தொடுத்தார்கள். 2018இல் இல்லினாயின் எஃபிங்கம் கவுண்டி தன்னைத் துப்பாக்கி உரிமையாளர்களின் 'சரணாலயம்' என்று அறிவித்தது. வர்ஜீனியா உட்படப் பல மாநிலங்களில் அது பரவியது. ஆரிகனின் கொலம்பியா கவுண்டி இயற்றிய அத்தகைய விதியை 2023இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்றது.

கவனித்துப் பாருங்கள்: மாநில முன்னுரிமைக்கு எதிராகப் போல்டர் சொன்ன அதே வாதத்தைத்தான் எஃபிங்கமும் சொல்கிறது. எங்கள் ஊர், எங்கள் முடிவு. தலைநகரில் தோற்றவர்களுக்கு உள்ளூர் உரிமையில் திடீர் நம்பிக்கை பிறப்பதும், வென்றவர்களுக்கு அது கரைந்துபோவதும் இரு கட்சிக்கும் பொது. ஷெரிஃபின் அறிவிப்பை நம்பி நடப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அவர் கைது செய்யாவிட்டாலும் சட்டம் சட்டமாகவே இருக்கிறது. மாநிலக் காவலர் அவருக்குக் கட்டுப்பட்டவரல்ல.

காரில் பல மாநிலங்களைக் கடந்து போகிறேன். என்ன பாதுகாப்பு?

1986ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று. புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் ஆயுதம் வைத்திருப்பது சட்டப்படி சரியென்றால், இடையில் உள்ள மாநிலங்களைக் கடக்கலாம். துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. துப்பாக்கியும் தோட்டாவும் பயணிகள் பகுதியிலிருந்து கைக்கெட்டக் கூடாது. டிக்கி இல்லாத வண்டியில் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும், டாஷ்போர்டு அறையைப் பூட்டிவிட்டுச் சமாளிக்க முடியாது. மேகசின் என்ற பொருளைப் பற்றி அந்தப் பிரிவு வாயே திறக்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

இந்தப் பாதுகாப்பு எவ்வளவு மெல்லியது என்பதற்கு 2005இல் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். யூட்டாவிலிருந்து பென்சில்வேனியாவுக்கு விமானத்தில் போன ஒருவர் நியூ ஜெர்சியின் நியூவர்க்கில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டார். கைத்துப்பாக்கி வைத்திருந்த பெட்டியைப் பெற்றுக்கொண்டு இரவு விடுதியில் தங்கினார். காலையில் விமான நிலையத்தில் முறைப்படி துப்பாக்கியை அறிவித்தார், கைது செய்யப்பட்டார். சிறையில் சில நாள்கள் இருந்தார். பிறகு வழக்குக் கைவிடப்பட்டாலும், அவர் நஷ்ட ஈடு கேட்டபோது 2010இல் மூன்றாம் வட்டார நீதிமன்றம் மறுத்தது. இரவு முழுவதும் பெட்டி கைக்கெட்டும் இடத்தில் இருந்ததால் கூட்டாட்சிச் சட்டம் காக்காது என்றது. விமானம் தவறியது அவர் குற்றமல்ல என்பதை நீதிபதிகளும் அறிந்தே இருந்தார்கள். இந்த ஒட்டுத்துணிச் சட்டங்களில் முதலில் மாட்டுவது, உண்மையைச் சொல்லிக் கையை உயர்த்தும் பயணிதான்.

தேசியப் பூங்காக்களில்?

2010 பிப்ரவரி முதல் அந்தந்த மாநிலச் சட்டமே பூங்காவுக்கும் பொருந்தும். யெல்லோஸ்டோன் வயோமிங், மான்டானா, ஐடஹோ என மூன்று மாநிலங்களில் பரவியிருப்பதால் ஒரே பூங்காவில் மூன்று சட்டங்கள். பூங்காவின் அலுவலகக் கட்டடங்களுக்குள் கூட்டாட்சித் தடை தொடர்கிறது.

எச்-1பி விசாவில் இருக்கிறேன். நண்பர்கள் சுடும் களத்துக்கு அழைக்கிறார்கள்.

மாநிலத்தைப் பார்க்கும் முன் இதைப் பாருங்கள். குடியேற்றமில்லா விசாவில் வந்தவர்கள், அதாவது எச்-1பி, எச்-4, எஃப்-1 எல்லாரும், துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை விதிக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. களத்தில் வாடகைக்கு எடுத்துக் கையில் பிடிப்பதும் 'வைத்திருப்பது' ஆகலாம். அதிகபட்சத் தண்டனை 2022 முதல் 15 ஆண்டு. துப்பாக்கிக் குற்றம் நாடு கடத்தலுக்கும் காரணமாகும். பச்சை அட்டை (கிரீன் கார்டு) பெற்றவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

மேகசின் வரம்பு செல்லுமா என்று உச்ச நீதிமன்றம் ஒரேயடியாகச் சொல்லிவிடலாமே?

2025 ஜூனில் ரோட் ஐலண்ட் வரம்பை எதிர்த்த மனுவையும், மேரிலாந்தின் தாக்குதல் ரகத் துப்பாக்கித் தடையை எதிர்த்த மனுவையும் விசாரிக்க மறுத்தது. ஏஆர்-15 பற்றிய கேள்வியை அடுத்த ஓரிரு பருவங்களில் நீதிமன்றம் எடுக்க வேண்டும் என்று நீதிபதி கேவனா தனியாக எழுதினார்.

டெக்சஸிலிருந்து கலிஃபோர்னியாவுக்குக் குடி பெயர்கிறேன். என்ன செய்ய வேண்டும்?

துப்பாக்கி ஒவ்வொன்றும் கலிஃபோர்னியாவில் அனுமதிக்கப்பட்ட ரகம்தானா என்று புறப்படும் முன்பே பாருங்கள். தாக்குதல் ரகம் என்று அங்கே வகைப்படுத்தியதை எல்லைக்குள் கொண்டு வரவே கூடாது. அனுமதிக்கப்பட்டவற்றை வந்து சேர்ந்த 60 நாளுக்குள் மாநில நீதித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். பத்துக்கு மேல் கொள்ளும் மேகசின்களை டெக்சஸிலேயே விற்றுவிடுங்கள், அல்லது பத்துக்கு மேல் ஏற்ற முடியாதபடி நிரந்தரமாக மாற்றித் தரும் கடைக்காரரிடம் கொடுங்கள். உள்ளே ஒரு மரக்கட்டையைச் செருகிவைத்தால் போதாது, திரும்பக் கழற்ற முடிவது நிரந்தரமல்ல. அதன்பின் போய்ச் சேரும் நகரத்தின் விதித் தொகுப்பை அதன் இணையதளத்தில் படியுங்கள். காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் கேட்டுக்கொண்ட பதில் நீதிமன்றத்தில் உங்களைக் காப்பாற்றாது.